கேனின் அடியில் நின்ற தண்ணீர்

மீன் லோடு அடிக்கும் என் மினி லாரிக்கு டீசல் ஃபில்டரை வீட்டு வாசலில் நானே மாற்றிக்கொள்வேன். புது ஃபில்டரில் டீசலை நிரப்பித்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் காற்று பிடித்துக்கொண்டு வண்டி ஸ்டார்ட் ஆகாது. அன்று கைவசம் டீசல் இல்லை. பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் தன் படகிலிருந்த கேனைக் கொடுத்தார்.

“அடி டீசல ஊத்தாதப்பா, தண்ணி நிக்கும்” என்றார்.

படகில் கிடக்கும் கேனுக்குள் ஏரித் தண்ணீர் எப்படியோ இறங்கி அடியில் தங்கிவிடும். நாலு விரல் அளவு விட்டுத்தான் எங்கள் ஊரில் ஊற்றுவார்கள். தெரிந்தும், வீணாக்குவானேன் என்று ஃபில்டருக்குப் போக மிச்சத்தை அடிவரை டேங்கில் கவிழ்த்தேன்.

மதியம் அண்ணனுக்கே நெஞ்சு வலி வந்தது. “வண்டிய எடுப்பா” என்று அண்ணி ஓடிவந்தார். அவரைப் பின்னால் படுக்க வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் இன்ஜின் குலுங்கி நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். தண்ணீர் வந்தது.

வேறு வண்டி கிடைக்க அரை மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில், உயிர் போய்விட்டது என்றார்கள்.

“வண்டி நின்னுடுச்சி, நீ இன்னா பண்ணுவ” என்று அண்ணிதான் என்னைத் தேற்றினார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

காரியம் முடிந்ததும் அண்ணி ஒரு கேன் நிறைய டீசல் தூக்கிவந்தார்.

“படகு இனிமே போவாது. நீ வண்டிக்கு ஊத்திக்கோ. அடியில மட்டும் வுட்டுடு, அவரு சொல்லுவாரு.”

“சரி அண்ணி” என்றேன். அதற்கு மேல் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை.

அந்த டீசலை நாலு விரல் விட்டுத்தான் ஊற்றினேன்.