யார் போவது என்று நான் சொல்லவில்லை

மூன்று வருடத்துக்கு முன்பு, மாசி மகத்துக்கு முந்தைய வாரம். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். இலக்கணப்படி அதில் துளிகூடத் தப்பில்லை. ஆனாலும் அதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என் ஊர் கருங்குழி. வேலை மாமல்லபுரத்தில், சுற்றுலா வழிகாட்டி. அங்கே எந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தாலும் ஆங்கிலம் பேசும் கைடு ஒருவர் மேல்தான் விழும். பிழைக்க வேண்டுமே என்று நான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடம் சனி, ஞாயிறுகளில் சென்னைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தது. அந்த மொழியில் ஒரு வில்லங்கம் உண்டு. நடப்பதைச் சொல்ல வினைச்சொல் ஒரு மாதிரி வரும். நடந்தால் நல்லது என்று ஆசையையோ ஆலோசனையையோ சொன்னால் அதே சொல் வேறு முகத்தோடு வரும். 'இர்சே' என்றால் கிளம்பிப் போவது. 'போவது நல்லது' என்று சொல்லப் போனால் அது 'சே பாயா' என்று அடையாளமே தெரியாமல் மாறிவிடும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் படிப்பை விட்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அதில் எனக்கு ஏகத்துக்கும் தலைக்கனம்.

அந்த வாரம் வந்த ஸ்பானியத் தம்பதிக்கு எழுபதை ஒட்டிய வயது. கலங்கரை விளக்கத்துப் பாறையில் ஏறும்போது பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் டிரைவரும் தூக்கிப்போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தோம். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. டாக்டர் சொல்வதை அவருக்குச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

"என்னை நீ என்றே கூப்பிடு, எங்களுக்கு அதுதான் பிரியம்" என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அம்மா வயதில் இருப்பவரை எப்படி நீ என்பது? எனக்கு வாய் வரவில்லை. மரியாதையாக 'நீங்கள்' என்றே பேசினேன். ஸ்பானிஷில் 'நீ' போவதென்றால் 'தே பாயாஸ்' என்று தனியாகத் தெரியும். 'நீங்கள்' போவதற்கும் 'அவர்' போவதற்கும் ஒரே 'சே பாயா'தான். இதுவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வெளியே வந்தார். "நேத்துக்கு இன்னைக்குப் பரவால்ல. நாளைக்கு மூச்சு மெஷின் டியூபை எடுத்துப் பார்க்கலாம். இந்தம்மா மூணு நாளா சேர்லயே கிடக்கறாங்க. ரூமுக்குப் போயி, குளிச்சி, தூங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு முன்னால் வேறொரு குழு எனக்காகக் காத்திருந்தது. போன் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மற்றதைச் சாயங்காலம் வந்து விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, டாக்டர் சொன்ன அத்தனையையும் சுருக்கி ஒன்றாக்கினேன். "எஸ் மெஹோர் கே சே பாயா." போவதுதான் நல்லதாம். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் யாரும் மொட்டையாகப் 'போகிறேன்' என்று சொல்ல மாட்டோம், 'போய் வருகிறேன்' என்றுதான் சொல்வோம். டாக்டரும் 'வரச் சொல்லுங்க' என்றுதான் சொன்னார். அவசரத்தில் அந்த 'வர'வை நான் வெட்டிவிட்டேன்.

"டாக்டரே சொன்னாரா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாம்."

"இன்றைக்கா?"

"இப்போதே என்றால் இன்னும் நல்லது" என்றேன். அவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு குளியலுக்கும் தூக்கத்துக்கும் எதற்கு இவ்வளவு நன்றி என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் அக்கா போன் செய்தார். "அந்தம்மாகிட்ட இன்னா சார் சொன்ன? உள்ள வந்து அவரு தலைய தடவிகினு என்னென்னமோ சொல்லி அழுவுது. போன்ல யாருக்கோ சொல்லி அங்கியும் அழுவுறாங்க. அவரு நல்லாத்தான கீறாரு. சீக்கிரம் வா சார்."

வந்த வழியே திரும்பினேன். அந்த அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் துடைத்துவிட்ட மாதிரி அமைதியாக இருந்தது. "மகளிடம் சொல்லிவிட்டேன். எத்தனை மணிக்கு மெஷினை நிறுத்துவார்கள்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவின் காதில் விழுந்தது, 'அவர் போவதுதான் நல்லது' என்று. அவர்கள் மொழியிலும் போவது என்றால் சாவதும்தான், நம் மொழியைப் போலவே.

நடந்ததை விளக்கி முடிப்பதற்குள் நாக்கு நாலு இடத்தில் தடுக்கியது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "என்னைத்தான் போகச் சொன்னாயா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். உடனே மகளுக்குப் போன் செய்து எல்லாம் தவறு என்றார். எப்படியாவது செய்ததைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு. குழுவை நண்பன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, "நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள்" என்று வற்புறுத்தி, காரில் ஏற்றி மாமல்லபுரத்தில் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கு அனுப்பினேன். இந்த முறை 'வாருங்கள்' என்பதை மறக்காமல் சொன்னேன்.

மதியம் மூன்று மணிக்குப் பெரியவரின் இதயம் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் போராடிப் பார்த்தார்கள். காலையில் நன்றாகத்தான் இருந்தார், சில நேரம் இப்படியும் ஆகிவிடுகிறது என்றார் டாக்டர். நர்ஸ் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீதான் சார் போய்ச் சொல்லணும். எங்களுக்கு அந்த பாஷ இன்னா தெரியும்?"

போனில் சொல்ல மனம் வரவில்லை. ஓட்டலுக்குப் போய் அறைக் கதவைத் தட்டினேன். தலை கலைந்து, தூக்கம் கலையாத முகத்தோடு திறந்தார். அதே வினைச்சொல்லை மறுபடி எடுத்தேன், இறந்த காலத்தில். இந்த முறை யார் என்று அவர் கேட்கவில்லை.

உடலை விமானத்தில் ஏற்றிய அன்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "நீ தவறாகச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அவரிடம் விடைபெற்றிருக்கவே மாட்டேன். பயப்படாமல் போ, நான் சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னேன். அவர் என் விரலை அழுத்தினார்."

இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லாரும், அப்படியானால் உன் தப்பால் நல்லதுதானே நடந்தது என்கிறார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்கிறாள். எனக்கு அந்த விரல்தான் கண்ணில் நிற்கிறது. விரலை அழுத்தினார் என்றால் காதில் விழுந்திருக்கிறது. மகளுக்குப் போன் செய்து திருத்தினோம், டாக்டருக்கு விளக்கினோம், நர்ஸ் அக்காவுக்கும் சொன்னோம். உள்ளே படுத்திருந்தவரிடம் மட்டும், அது தப்பு, நீங்கள் போக வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் இன்றுவரை என் நெஞ்சை அறுக்கிறது.