கண்ணு கடைசி

முதலில் இரண்டு கண்களை வரைந்துவிட்டு அவற்றுக்கு வணக்கம் சொல்வார் பேசில். முயலானாலும் சரி, படகோட்டியானாலும் சரி, முகம் வருவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். "சாப்ட்டாச்சா? என்ன கறி?" என்று வெள்ளைத் தாளில் முழித்துக்கொண்டிருக்கும் கண்களிடம் கேட்பார். பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான் கூச்சமாக இருக்கும். கேட்டால், "கண்ணு இல்லாம யாருகிட்ட பேசுறது?" என்பார்.

ரங்கூன் என்று நாம் இன்னும் விடாமல் சொல்கிற யாங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு எதிரே, ராஜரத்தினத்தின் வெங்காயக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார் இந்த ஆங்கிலேய ஓவியர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டம் போட்ட லுங்கி, பொத்தான் போன சட்டை, காதில் பென்சில். பேசில் என்றால் அவர்கள் ஊரில் ஒரு வகைத் துளசி என்று யாரோ சொல்லப்போக, கடைத்தெருத் தமிழர்களுக்கு அவர் 'ஊ துளசி' ஆகிவிட்டார். ஊ என்பது பெரியவர்களுக்குப் பர்மியர் சேர்க்கும் மரியாதை. ராஜரத்தினம் மட்டும் 'ஸயா' என்பார். வாத்தியார் என்று பொருள். பேசிலோ தன்னைவிடப் பத்து வயது இளையவரான ராஜரத்தினத்தை, கடை ஆட்களைப் பார்த்து 'அண்ணே' என்று கூப்பிடப் பழகிவிட்டார். தமிழ் கற்றதே அந்தக் கடையில்தான். அதனால் நலம் விசாரிக்கவும் தெரியும், மூட்டையைக் கீழே போட்டவனைத் திட்டவும் தெரியும். நடுவில் உள்ள தமிழ்தான் கொஞ்சம் தகராறு.

பிறந்தது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூர். ஓவியப் பள்ளி முடித்ததும் விதைப் பொட்டலங்களின் மேல் கேரட்டும் பட்டாணியும் வரைந்து பிழைத்திருக்கிறார். கேரட்டைப் பார்த்த ஒரு பதிப்பாளர், இதைத் தின்ன ஒரு முயல் போட முடியுமா என்று கேட்டாராம். போட்டார். அந்த முயல் சிறுவர் புத்தகங்களில் வருடக்கணக்காக ஓடி அவருக்கு ஒரு வீடும் வாங்கித் தந்தது. பிறகு குழந்தைகளுக்கு முயல் அலுத்துவிட்டது. ஐராவதிப் படகுகளைப் பற்றிய ஒரு புத்தகத்துக்குப் படம் வரைய இங்கே வந்தார். புத்தகம் நின்றுவிட்டது, அவரும் இங்கேயே நின்றுவிட்டார். இப்போது ஒரு பர்மியச் சிறுவர் பத்திரிகைக்கு வரைகிறார். கடைக்கதவில் அவர் தீட்டிய வெங்காயத்தைப் பற்றி ராஜரத்தினத்துக்கு ஒரே குறை: "இம்புட்டு அழகா இருந்தா வெல சாஸ்தின்னு நெனச்சு ஆளு உள்ள வரமாட்டான் ஸயா."

துறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன முனீஸ்வரன் கோயிலுக்கு ராஜரத்தினம்தான் பொறுப்பு. போன வருடத் திருவிழாவுக்கு முன், சுவரில் சாமி படத்தைப் புதிதாக எழுதித் தரச் சொன்னார். விடிந்ததும் விடியாததுமாகப் போய் பேசில் தன் வழக்கப்படியே வேலையைத் தொடங்கினார். கோலம் போட வந்த பெண்கள் அலறிவிட்டார்கள். உடம்பு இல்லை, மீசை இல்லை. வெள்ளைச் சுவரில் இரண்டு கண்கள் மட்டும் உருட்டிப் பார்த்தன.

சாமிக்குக் கண் திறப்பது நம்மிடம் கடைசி வேலை. அதற்கு நாள் பார்க்க வேண்டும், பூசை போட வேண்டும். ஓடிவந்த ராஜரத்தினம் தலையில் கைவைத்துக்கொண்டார். "கண்ணத் தொறந்துட்டீங்களே ஸயா! ஒடம்பில்லாம சாமி எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு நிப்பாரு? முடிக்காம எந்திரிக்கப்படாது!" சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடைக்கும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேசிலின் கையெல்லாம் சிவப்புச் சாயம். தேநீர்க் கோப்பையை அவர் வாயருகே பிடித்தபடி, "கண்ணு கடைசி ஸயா, கண்ணு கடைசி" என்று நாள் முழுக்கப் புலம்பினார் ராஜரத்தினம். பொழுது சாயும்போது முனீஸ்வரன் வேட்டி கட்டி அரிவாளோடு நின்றார். அவரிடமும் பேசில் ஏதோ பேசியிருக்கிறார். என்னவென்று சொல்லமாட்டேன் என்கிறார்.

இந்த மாதம் இங்கிலாந்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே தனியாக இருக்கும் அவருடைய அக்கா படியில் விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. நாளை பேசில் போகிறார். இந்த வயதில் போகிறவர் திரும்பி வருவாரா என்று கடைத்தெருவே முணுமுணுக்கிறது. ராஜரத்தினம் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், அவ்வளவுதான். எனக்கும் அந்த மனிதர் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நேற்று ராஜரத்தினத்தை வெங்காய மூட்டை மேல் உட்காரவைத்து வரைந்தார் பேசில். நானும் இருந்தேன். அன்று பேச்சே இல்லை. காது வந்தது, வெற்றிலைக் கறை படிந்த உதடு வந்தது, காலரில் பிரிந்து தொங்கும் நூல்கூட வந்தது. பிறகு தூரிகைகளைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

ராஜரத்தினம் எழுந்து வந்து பார்த்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள்.

"என்ன ஸயா, என்னயக் குருடனாக்கிட்டுப் போறீங்க?" என்று அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"கண்ணு கடைசி. நீங்கதான் சொன்னது அண்ணே" என்றார் பேசில். "இது கடைசி இல்ல."

தூரிகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். கண் எழுதுகிற மெல்லிய தூரிகையை மட்டும் ராஜரத்தினத்தின் சட்டைப் பையில் செருகி, பையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.