வலிக்காத கொப்புளங்கள்

சில வருஷங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், ஆம்பூரில் நடந்தது இது. என் மூத்த மகன் அப்போதுதான் தோல் பதனிடும் டேனரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தோலில் உள்ள மயிர் உதிர்வதற்காக ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்கித்தான் அங்கே எல்லோரும் வேலை பழகுவார்கள்.

ஒரு நாள் அவன் பாதங்களில் கொப்புளங்களைப் பார்த்தேன். கண்ணாடி போலத் தெளிவாக, உள்ளே நீர் ததும்ப, வெயிலில் மின்னின. அவற்றைச் சுற்றிச் சிவப்பே இல்லை.

"சுண்ணாம்பு சுட்டுடுச்சிக்கா. எண்ணெய் தடவுங்க, சரியாப்பூடும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் ஊரில் யார் காலைப் பார்த்தாலும் இதையேதான் சொல்வார்கள். விளக்கெண்ணெய் தடவினேன். சூடு தணியட்டும் என்று வெல்லம் கரைத்துப் பானகமும் கொடுத்தேன். அவன் செம்பு செம்பாகக் குடித்தான்.

"பாலாறு வத்திப்போனது இவனாலதான்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மேஸ்திரி அவனைக் குழி வேலையிலிருந்து மாற்றி, தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டையை இடிக்கும் இடத்தில் விட்டார். அங்கே சுண்ணாம்பே கிடையாது. ஆனாலும் புதிய கொப்புளங்கள் எழும்பின. அவன் இளைத்துக்கொண்டே வந்தான். உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும். அருகில் போனால் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை வந்தது.

ஒரு காலையில், எழுப்ப எழுப்பப் பாதிதான் விழித்தான். தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலத்துக்குக் கீழே ஆறு முழுக்க வெள்ளை மணல். அவன் என் மடியில் கிடந்தபடி, "ஆத்துல தண்ணி போவுதாம்மா?" என்றான்.

"போவுதுடா கண்ணு" என்றேன். சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பாலம் முடியவே முடியாது என்று தோன்றியது.

மருத்துவர் ஒரு கொப்புளத்தை மெல்ல அழுத்தினார். "வலிக்குதாப்பா?"

"இல்லீங்க."

"சுண்ணாம்பு சுட்டிருந்தா இந்நேரம் கத்தியிருப்பான்" என்றவர், குனிந்து அவன் மூச்சை முகர்ந்தார். "தண்ணி ஜாஸ்தியா குடிக்கிறானா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறானா?" ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். "இது நீரிழிவும்மா. கொப்புளம் அதோட அடையாளம். வெல்லம், சர்க்கரை ஒண்ணும் குடுக்காதீங்க. பிழைப்பானான்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

ஊசி போட்டார்கள். அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி, கட்டிலைத் தாண்டி, சுவரில் ஏறி மறைந்தது. மறுநாள் விடிந்ததும் கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றான்.

இப்போது தினமும் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். நான் பெற்ற உடம்பு, அதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றிருந்தவள், இன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, ஊரிலிருந்து வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.