இருநூற்றைம்பது கிராம் வெள்ளி

மூன்று வருஷம் இருக்கும். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் அப்போதும் நான்தான் டீச்சர், இப்போதும் நான்தான். அது ஒரு தை மாதம், குழந்தைகளுக்கு எடை பார்க்கிற நாள்.

எடை விஷயத்தில் நான் ரொம்பக் கறார். முதல் குழந்தையை ஏற்றும் முன்பு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்து, மெஷின் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்ப்பேன். ஸ்வெட்டர், தொப்பி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வேன். "நகைக் கடையிலகூட இத்தனை பாக்க மாட்டாங்க டீச்சர்" என்று தாய்மார்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

அன்று பத்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்தாள். வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கொலுசு கோத்துக் கொடுக்கிற பெண். முந்தின வாரம்தான் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் போட்ட வெள்ளி அரைஞாண் கொடியும் கொலுசும் பளபளவென்று இருந்தன. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றவளிடம் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மெஷின் ஏழு கிலோ ஐந்நூறு காட்டியது. போன மாதம் ஏழு கிலோ நானூறு. குழந்தை கொஞ்சம் வாடித்தான் தெரிந்தது. "பல்லு மொளைக்குதுங்க டீச்சர், அதான் சரியாப் பால் குடிக்கறதில்லீங்க" என்றாள். நானும் தலையாட்டிவிட்டு குழந்தையின் எடை அட்டையில் எழுதினேன். நூறு கிராம் கூடியிருக்கிறது என்று பாராட்டி வேறு அனுப்பினேன்.

அவள் வாசலைத் தாண்டும்போது குழந்தையின் கொலுசு சத்தம் கேட்டது. எனக்குத் திக்கென்றது. நான் எடை பார்த்தது குழந்தையையா, வெள்ளியையா?

செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். "நில்லு அம்மிணி! அந்தக் கொடியும் கொலுசும் எத்தனை கிராம்?"

வேறு யாராக இருந்தாலும் விழித்திருப்பார்கள். அவள் யோசிக்கவே இல்லை. "கொடி நூத்தி அறுபது, கொலுசு தொண்ணூறுங்க. எங்கண்ணன் வாங்கியாந்த அன்னிக்கே பட்டறையில நானே எடை போட்டுப் பாத்தனுங்க."

நான் மனசுக்குள் கழிப்பதற்குள் அவள் கழித்துவிட்டாள். சிரித்த முகம் அப்படியே மாறிப்போனது. "அப்ப எம்புள்ள ஏழேகால்தானுங்களா டீச்சர்? வெள்ளியில அரை கிராம் கொறைஞ்சாலும் கண்டுபுடிச்சிருவேன். எம்புள்ள கொறைஞ்சதக் கோட்டை உட்டுட்டனே!"

"நானுந்தான் கோட்டை உட்டேன். வா, போலாம்" என்றேன்.

ஒரே மாதத்தில் நூற்றைம்பது கிராம் இறங்கியிருந்தது. அட்டையில் எழுதியதை அடித்து, சரியான எடையை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கு மதியமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சலாக வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே குழந்தையை இளைக்க வைத்திருக்கிறது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் சிறுநீரகத்தையே பாதித்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அட்டையில் இருந்த திருத்தத்தைக் காட்டி, யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டார். "எங்க டீச்சருங்க" என்றாள் அவள். கணக்குப் போட்டது இந்தம்மாதான் என்றேன் நான். அவள் தலை நிமிர்ந்து நின்ற அந்த நிமிஷம் எனக்கு அப்படியொரு பெருமையாக இருந்தது.

அந்தக் குழந்தை தேறி, மூன்றாவது மாதம் எடை பார்க்க வந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவள் கொடியையும் கொலுசையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இப்பப் புள்ளைய மட்டும் பாருங்க டீச்சர்." எட்டு கிலோ முந்நூறு!

இன்று அந்தக் குட்டிப் பெண் என் அங்கன்வாடியில்தான் பாட்டுப் பாடி, முட்டை தின்று, ஓடித் திரிகிறாள். எடை பார்க்கிற நாளில் எங்கள் ஊர்த் தாய்மார்கள் வாசலிலேயே நகைகளைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். உப்புப் பாக்கெட்டை மெஷினில் வைக்கும்போது இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. அடித்துத் திருத்தி நான் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரிதான், இத்தனை வருஷ வேலையில் நான் எழுதியதிலேயே எனக்குப் பெருமையான வரி.