முழுக்கை ரவிக்கை

என் ஒன்பது வயது மகளின் முழங்கையில் இருந்த மஞ்சள் கட்டிகளைப் பார்த்த குன்னூர் டாக்டரம்மா, “உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே மாரடைப்புல யாராச்சும் போயிருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்று கூசாமல் சொன்னேன்.

என் தம்பி முப்பது வயதில் தேயிலைத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தான். குளிர் தாங்காமல் போய்விட்டான் என்று ஊரை நம்பவைத்திருந்தோம். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம். நெஞ்சுவலிக் குடும்பமென்றால் எவன் வருவான்?

“செத்துப்போன சித்தப்பா கையிலயும் இதே மாதிரி இருந்துச்சுங்கப்பா” என்றாள் மகள்.

டாக்டரம்மா என்னை முறைத்தார். “இது பரம்பரையா வர்ற ரத்தக் கொழுப்பு நோயிங்க. இப்பவே மருந்து ஆரம்பிச்சா புள்ள நல்லா இருக்கும். மறைச்சு யாரைக் காப்பாத்துறீங்க?”

தங்கைக்கும் அதே கட்டிகள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அவளுக்கு முழுக்கை ரவிக்கை தைக்கச் சொன்னவனும் நான்தான்.

குடும்ப மானமாம்.