காப்பிச் செடி அறையில் வாழைப்பழம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவர். மாலை வகுப்பில் படித்து அங்கேயே ஆராய்ச்சியாளர் ஆனார். காய்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு பட்டதும் காப்பிச் செடியில் எந்த மரபணு முதலில் விழிக்கிறது என்று ஆறு வருடம் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆனால் கடைசிச் சோதனையில் வாயு காட்டாத செடிகளிலும் அது விழித்திருந்தது.

"பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதீங்க. வேற மரபணுவைப் பாருங்க" என்றார் துறைத்தலைவர்.

"மரபணு சரிதான் சார். செடி வச்சிருக்கிற ரூம்லதான் ஏதோ இருக்கு" என்றார் அக்கா, அசராமல்.

அறையை மூலைமுடுக்கெல்லாம் துழாவினார். அலமாரிக்குப் பின்னால் ஒரு பையில் வாழைப்பழச் சீப்பு கனிந்து கிடந்தது. பழுக்கும் வாழையும் எத்திலீனை வெளிவிடும். வைத்தவர் வயதான காவலாளி.

"இங்க ஜில்லுனு இருக்கேன்னு வச்சேம்மா" என்று தலையைச் சொறிந்தார்.

அக்காவுக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. "என் ஆறு வருஷ உழைப்பையும் சேர்த்துப் பழுக்க வச்சிட்டீங்களேண்ணே!"

புதுக் கன்றுகளை வைத்து மறுபடி சோதித்தார். இந்த முறை வாயு பட்ட செடிகளில் மட்டுமே மரபணு விழித்தது. தலைவர் முடிவுகளை இருமுறை படித்துவிட்டு, "கட்டுரையில உங்க பேரை முதல்ல போடுங்க" என்றார்.

"போட்டுட்டேன் சார்" என்றார் அக்கா.