ஒரே எண்ணில் பதினோரு பேர்

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று ஒருத்திக்குப் பெயர் வந்துவிட்டால் அதோடு அவள் கதி முடிந்தது. பிரிண்டரில் மை தீர்ந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியின் அலுவலகத்தில் ஆறு வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறேன். ஒரு நாள் முதலாளி கைபேசியில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, இதுல ப்ரோக்ராமே எழுத வாணாமாம். பெட்டி பெட்டியா இழுத்துப் போட்டு கோடு இழுத்து விட்டா எல்லாம் தானா நடக்குமாம். நமக்கும் ஒண்ணு பண்ணிடு."

மிக்ஸி வாங்கி வரச் சொல்லும் குரலில் சொன்னார். நானும் மிக்ஸி வாங்கப் போகிறவள் மாதிரி சரிங்க என்று தலையாட்டினேன்.

மூன்று வாரம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையான சமாச்சாரம்தான். ஆட்களின் விவரமெல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். ஒரு பக்கம் அதில் ஒரு கட்டம் மாறினால், இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், காலண்டரில் தேதி ஏறும், மறுநாள் வேலைக்கு வரவேண்டியவர்களின் பட்டியல் திருந்தும். இது நடந்தால் அதைச் செய் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மழை எச்சரிக்கையை இணைத்தேன். வானிலைச் செய்தி வந்தால் எல்லா மேஸ்திரிகளுக்கும் "உப்புக் குவியலை மூடவும்" என்று போகும். சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று உச்சி வெயிலில் ஒரு தடவை அமுக்கிவிட்டேன். இரண்டு மேஸ்திரிகளின் செட்டு ஆட்கள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. முதலாளிக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "பார்த்தியா, சொன்ன உடனே ஓடுறான்" என்றார்.

அடுத்து ஆட்களின் விவரம் ஏற்றும் வேலை. ஃபார்மைக் கைபேசியில் திறந்துகொண்டு நானே உப்பளத்துக்குப் போனேன். அலுவலகத்தின் பின்கதவைத் திறந்தால் பத்து நிமிட நடை, அவ்வளவுதான். கூடை சுமக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெயர், ஊர், வயது சொன்னார்கள். வயது கேட்டால் யோசித்தவர்கள், போன் நம்பர் கேட்டால் மட்டும் மனப்பாடச் செய்யுள் மாதிரி கடகடவென்று ஒப்பித்தார்கள். எனக்கு என் புருஷன் நம்பரே பாதிதான் ஞாபகம் இருக்கும். இவர்களைப் பார்த்து உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு வந்து பார்த்தால் ஒரு செட்டில் பதினோரு பேருக்கும் ஒரே எண். திரை முழுக்கச் சிவப்பு. "இந்த எண் ஏற்கனவே உள்ளது" என்று பத்து தடவை சொன்னது. ஒரே தெருக்காரர்கள், உறவுக்காரர்கள், வீட்டுக்கு ஒரு போன் வைத்திருப்பார்கள் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். முதலாளி வந்து எட்டிப்பார்க்கும்போது சிவப்பாக இருந்தால் நன்றாயிருக்காது. அதனால் எச்சரிக்கையை அணைத்துவிட்டேன். திரை பச்சைப்பசேலென்று ஆயிற்று. இந்தப் புத்தி யாருக்கு வரும்!

அந்தச் சமயத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு கண் மருத்துவமனைக்காரர்கள் அளத்து ஆட்களுக்கு முகாம் போட வந்தார்கள். வெயிலில் உப்பு மின்னுகிற பளபளப்புக்கு இங்கே யாருக்கும் கண் சரியில்லை. பரிசோதித்து, அறுவை சிகிச்சை வேண்டியவர்களுக்குத் தேதியை அவர்களே எங்கள் டேட்டாபேஸில் ஏற்றுவதாக ஏற்பாடு. முகாம் முடிந்த மறுநாள் அந்த செட்டில் கூடை சுமக்கும் ஓர் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், எக்கியார்குப்பம் பக்கம். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"வலது கண்ணுல பொறையாம்மா. போன வருசத்துலேர்ந்தே கலங்கலாத்தான் தெரியுது. மேஸ்திரிக்கு மட்டும் தெரியக்கூடாது."

"ஏங்கக்கா? இதுல இன்னா இருக்குது?"

"தெரிஞ்சா வரப்பு மேல கூடை தூக்க உடமாட்டாரு. கூடை தூக்காத ஆளு செட்டுக்கு எதுக்கு? வேற ஆளப் போட்டுடுவாரு. ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆபரேசன் பண்ணிக்கினு வந்துடுறேன்."

ஒரு வருடமாக அரைக்கண்ணோடு, ஒரு சாண் வரப்பில், தலையில் உப்போடு காலால் தடவித் தடவியே நடந்திருக்கிறார். செட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. "இது உங்களுக்கும் எனக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியுங்கக்கா" என்றேன். பெரிய ரகசியக் காவலாளி நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மருத்துவமனையில் யாரோ தேதியை ஏற்றியிருக்கிறார்கள். அதற்கப்புறம் நான் செய்து வைத்தபடியே எல்லாம் தானாக நடந்தது. அக்காவின் பெயர் போட்டு, "உங்கள் வலது கண் புரை அறுவை சிகிச்சை புதன்கிழமை. தவறாமல் வரவும்" என்று அவர் கொடுத்த எண்ணுக்குச் செய்தி போயிற்று. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "ஓய்வு" என்று விழுந்தது. ஒரு பிழை இல்லை, ஒரு தாமதம் இல்லை. நான் எழுந்து கை கழுவக்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த எண் மேஸ்திரியின் எண். பதினோரு பேர் கொடுத்ததும் அதுதான். இங்கே அதுதான் வழக்கம். அளத்தில் ஒரு ஆளைக் கூப்பிடணும் என்றால் மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள், மேஸ்திரி வீட்டுக்கு ஆள் அனுப்புவார். உன் நம்பர் என்ன என்று நான் கேட்டதை, உன்னை எந்த நம்பரில் பிடிக்கலாம் என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆறு வருடமாக ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"சொல்லமாட்டேன்னு சொன்னியேம்மா."

"நான் யார்கிட்டயும் சொல்லலைங்கக்கா" என்றேன். உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லும்போது எனக்கே என் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது.

அக்காவை ஏன் நிறுத்தினீர்கள் என்று மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு உப்பைப் பத்தி என்னா தெரியும் என்று டீக்கடையில் என்னைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்கின்னா மேடம்? சிஸ்டமே ஓய்வுன்னு சொல்லிட்டுது. சிஸ்டத்த மீறி நான் ஆள் வைக்க முடியுமா?" அன்றைக்கே கூடைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. ஒரு மாதம் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி. மாதம் முடிந்ததும் அக்கா அளத்துக்குப் போய் நின்றார். பட்டியலில் இன்னும் ஓய்வு என்றுதான் இருக்கிறது என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். நான் முதலாளியிடம் போனேன். "சிஸ்டம்ல மாறினா வரட்டும். நாமே சிஸ்டத்த மதிக்கலன்னா எப்படிம்மா?" என்றார் அவர். திறந்து பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வுக்குப் போக ஒரு கோடு இழுத்திருந்தேன். ஓய்விலிருந்து திரும்பி வர எந்தக் கோடும் இல்லை. மூன்று வாரம் படித்ததில் ஒருத்தர் திரும்பி வருவார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அக்காவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை இழுத்தேன். மேஸ்திரியின் எண்ணை அவர் பெயரிலிருந்து நீக்கினேன். எண் இல்லாமல் சேமிக்க முடியாது என்றது திரை.

"உங்க சொந்த நம்பர் சொல்லுங்கக்கா."

"எனக்கு ஏது போனு?"

"வீட்ல யாருதாவது?"

"புள்ளகிட்ட இருக்குது. அவன் மெட்ராஸ்ல இருக்கான்." என்னை நேராகப் பார்த்தார். அந்த வலது கண்ணால் இப்போது என்னை நன்றாகவே பார்க்க முடிந்தது. "எதுக்கும்மா நம்பரு? எனக்கு எதுனா சொல்லணும்னா நான் இங்க தானே இருக்குறேன். வந்து சொல்லேன்."

அந்தக் கட்டத்தில் என்னுடைய எண்ணைப் போட்டுச் சேமித்தேன். உடனே என் கைபேசி டிங் என்றது. அக்காவின் பெயர் போட்டு, "நீங்கள் நாளை முதல் வேலைக்கு வரவும்" என்றிருந்தது.

இரண்டு பேருமாகப் பின்கதவு வழியாக அளத்துக்கு நடந்தோம். மேஸ்திரி தன் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே மேடம்."

"இனிமே உங்களுக்கு வராது. எனக்குத்தான் வரும்" என்று என் போனை நீட்டினேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். சிஸ்டம் சொல்லிவிட்டது, அவரால் என்ன செய்ய முடியும்?

"சரி மேடம்" என்றார். "நாளைக்கு வரச் சொல்லிடுங்க."

அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "நாளைக்கு வாங்கக்கா" என்றேன்.